தண்ணீர் பளிங்கு, மீன் மட்டும் மூலையில்

ஹற்றனில் எங்கள் வீட்டு முன்னறையில் நாலடி நீளத் தொட்டி ஒன்று இருக்கிறது. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 250 லீற்றர் பிடிக்கும். அதில் இரண்டு ஒஸ்கார், ஒவ்வொன்றும் பத்து அங்குலத்துக்கு மேல். அந்த அளவு மீனுக்கு இந்தத் தொட்டி நெருக்கடிதான், மறுக்கவில்லை. பெரிய தொட்டியில் தவறு செய்தால் தெரிய ஒரு மாதமாகும். இதில் மூன்றாம் நாளே தெரிந்துவிடும். கீழே அறிகுறி அறிகுறியாகச் சொல்லப்போவதில் பெரும்பகுதி அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

மீன் கொழும்பிலிருந்து பஸ் ஏறி வருகிறது. கூடவே கொழும்பு ஆலோசனையும் வந்துவிடுகிறது. அங்கே ஹீட்டர் தேவையில்லை. இங்கே ஹீட்டர் இல்லாமல் ஒரு மார்கழி தாண்டாது. யாழ்ப்பாணத்தில் வளர்ப்பவர் சொல்வதும் நமக்குப் பொருந்தாது. அங்கே கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். நம் பக்கத்தில் பாறை இடுக்கில் கசிந்து பீலியில் விழும் தண்ணீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. தேநீருக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. ஒஸ்கார், அரோவானா, ஃபிளவர்ஹோர்ன், விரால் என்று இறைச்சி தின்னும் மீன்களை வைத்திருப்பவனுக்கு அதே தண்ணீர் ஒரு பொறி. (கண்டிக்குக் கீழே திகண, குண்டசாலைப் பக்கம் இருப்பவர்கள் விதிவிலக்கு. அங்கே நிலத்தடியில் சலவைக்கல்லும் டொலமைட்டும் இருப்பதால் கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருக்கலாம். நீங்கள் முதல் பகுதியைத் தாண்டிப் படிக்கலாம்.)

அறிகுறிக்குப் போகுமுன் ஒன்று: அளக்காமல் எதையும் ஊற்ற வேண்டாம். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச், கேஎச் ஆகிய ஐந்தையும் அளக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் நல்லது. பட்டித்தாள் வகை வேகமானது, ஆனால் கண்ணை ஏமாற்றும். காசு இரண்டுக்குத்தான் இருக்கிறது என்றால் அமோனியாவும் கேஎச்சும் வாங்குங்கள். பிஎச் என்பது தண்ணீரின் அமிலத்தைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும். கேஎச் என்பது தண்ணீரில் உள்ள கார்பனேட்டின் அளவு, அதாவது அமிலத்தைத் தாங்கும் கையிருப்பு. தொட்டித் தண்ணீரை மட்டும் அளந்தால் பாதி விடைதான் கிடைக்கும். பீலித் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, காற்றுக்கல் போட்டு, மறுநாள் அதையும் அளங்கள். ஊற்றிலிருந்து வரும்போது அதில் காபனீரொட்சைட்டு கரைந்திருக்கும். அது வெளியேறிய பிறகு காட்டும் பிஎச்தான் உண்மையானது.

“தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு, மீன் சாப்பிட மாட்டேங்குது”

லிந்துலையில் இருக்கும் அக்கா மகன் ஒரு நாள் இரவு இப்படித்தான் அழைத்தான். “மாமா, தண்ணி கண்ணாடியா இருக்கு. வாடையும் இல்ல. மீனு ரெண்டும் மூலையில ஒண்டிக்கிட்டு நிக்குது, கறுத்துப் போச்சு.” தண்ணீர் எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். “தெளிவாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?” ஏழு வாரம் மாற்றவில்லை, ஆவியானதற்கு மட்டும் மேலே ஊற்றியிருக்கிறான். பிஎச் அளக்கச் சொன்னேன். கிட்டில் இருக்கும் கடைசி மஞ்சள் நிறம் வந்தது. அது 6, அதற்குக் கீழே எவ்வளவு என்று கிட்டுக்கே தெரியாது. கேஎச் சோதனையில் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது. கையிருப்பு பூச்சியம்.

நடப்பது இதுதான். மீன் புரதத்தைத் தின்று அமோனியாவைச் செவுள் வழியாக வெளிவிடுகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் பக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்குகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த வேலையில் அமிலமும் சேர்ந்து பிறக்கிறது, அதைக் கார்பனேட்தான் விழுங்க வேண்டும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பெரிய ஒஸ்காருக்கு ஒரு நாளுக்கு 10 கிராம் பெலட், அதாவது உருண்டைத் தீனி. அதில் 40 வீதம் புரதம் என்றால் 4 கிராம். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைதரசன். அதில் பாதிக்குச் சற்று மேல் அமோனியாவாக வெளியே வந்தாலும், 250 லீற்றர் தண்ணீரில் லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் ஒவ்வொரு நாளும் சேருகிறது. அதை நைட்ரேட் ஆக்க, ஒவ்வொரு மில்லிகிராம் நைதரசனுக்கும் 7 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமமான கார்பனேட் செலவாகும். கேஎச் அளவில் நாளுக்கு ஏறத்தாழ அரைப் புள்ளி. உங்கள் பீலித் தண்ணீர் 2 புள்ளியில் தொடங்கினால் நாலாம் நாள் கஜானா காலி. கப்பி வளர்ப்பவனுக்கு இந்தக் கணக்கு மாதக்கணக்கில் ஓடும். இறைச்சி தின்னும் மீனுக்கு ஒரு வாரம்கூட ஓடாது.

கார்பனேட் தீர்ந்ததும் பிஎச் சரியும். 6க்குக் கீழே போனால் பக்டீரியா ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். அமோனியா தேங்கத் தொடங்கும். ஆனால் மீன் உடனே சாவதில்லை. அந்த அமிலத்தில் அமோனியா கிட்டத்தட்ட முழுவதும் அமோனியம் என்ற சாதுவான வடிவில் இருக்கும். மீன் மந்தமாக, நிறம் கறுத்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். தண்ணீரோ பளிங்காக இருக்கும்.

பலர் மீனைக் கொல்வது இதற்கு அடுத்த நிமிடத்தில்தான். பயந்துபோய், தொட்டியை முக்கால்வாசி காலி செய்து புதுத் தண்ணீர் ஊற்றுவார்கள். புதுத் தண்ணீரின் பிஎச் 7 அல்லது 7.5. பிஎச் ஒரு புள்ளி ஏறினால் நச்சு அமோனியாவின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகும். தேங்கியிருந்ததில் கால்வாசி மிஞ்சினாலும், ஒன்றரைப் புள்ளி ஏற்றத்தில் அது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு கொடியது. ஒரு மணி நேரத்தில் மீன் பக்கவாட்டில் மிதக்கும். பழி தண்ணீர் சபையின் தலையில் விழும்.

அதனால் மருமகனுக்குச் சொன்ன வரிசை இது. முதலில் தீனியை நிறுத்து. வளர்ந்த ஒஸ்கார் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது; நமக்குத்தான் மனசு கேட்காது. அடுத்து அமோனியாவை அள. அது லீற்றருக்கு அரை மில்லிகிராமுக்குள் இருந்தால் நேரே கார்பனேட்டுக்குப் போகலாம். அதற்கு மேல் இருந்தால் காலையில் பத்து வீதம், மாலையில் பத்து வீதம் என்று, அதே சூட்டில் உள்ள தண்ணீரால் மாற்று. அமோனியா இறங்கும்வரை சோடா எதுவும் போடாதே. அவனுக்கு ஐந்து நாள் பிடித்தது.

அமோனியா அடங்கிய பிறகு அப்பச் சோடா. சமையலறையில் இருக்கும் சோடியம் பைகார்பனேட்தான். பேக்கிங் பவுடர் அல்ல, சலவைச் சோடா அல்லவே அல்ல. 50 லீற்றருக்குக் கால் தேக்கரண்டி போட்டால் கேஎச் ஏறத்தாழ ஒரு புள்ளி ஏறும். 250 லீற்றருக்கு ஒன்றேகால் தேக்கரண்டி. முதல் நாள் அதில் பாதியை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, ஃபில்டர் வாய் பக்கம் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளில் பிஎச் 0.3க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்டீரியா மறுபடி வேலைக்குத் திரும்ப ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். அதுவரை தினமும் அமோனியாவும் நைட்ரைட்டும் அளப்பது தொல்லைதான், வேறு வழியில்லை.

நிரந்தரத் தீர்வுக்குக் கோழித் தீவனம் விற்கும் கடைக்குப் போங்கள். முட்டைக் கோழிக்குப் போடும் சிப்பி நொறுங்கல் மலிவாகக் கிடைக்கும். நன்றாகக் கழுவி, பழைய காலுறை ஒன்றில் இரண்டு கைப்பிடி கட்டி, ஃபில்டரில் தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். அமிலம் கூடும்போது அது தானாகவே கரைந்து கொடுக்கும், குறைந்தால் சும்மா இருக்கும். டொலமைட் சில்லும் அதே வேலையைச் செய்யும். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் காலத்தில் மண்ணின் புளிப்பைக் குறைக்க மூட்டை மூட்டையாக அதைத்தான் கொட்டுகிறார்கள். தேயிலை மண்ணுக்கும் ஒஸ்கார் தொட்டிக்கும் ஒரே வியாதி, ஒரே மருந்து. தூளாக இருப்பதைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், மோர் மாதிரி கலங்கிவிடும். கரையோரத்துக்குப் போய் முருகைக்கல் தேட வேண்டாம். அதை எடுப்பது சட்டப்படி குற்றம், நமக்குத் தேவையும் இல்லை. கேஎச் 4, 5 என்று நின்றால் போதும். சிப்பி மெதுவாகத்தான் கரையும். அதனால் வாரம் ஒருமுறை 40 வீதத் தண்ணீர் மாற்றம் தொடரவே வேண்டும், அந்தப் புதுத் தண்ணீருக்குரிய சோடாவைத் தண்ணீர் பிடித்து வைக்கும் பெரலிலேயே கரைத்துவிடுங்கள்.

போத்தலில் விற்கும் ‘பிஎச் ஏற்றி’ மருந்தை நான் வாங்குவதில்லை. கையிருப்பு இல்லாத தண்ணீரில் பிஎச்சை மட்டும் ஏற்றினால் மறுநாள் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மீனுக்குத் தினமும் ஊஞ்சல்.

“தண்ணி மாத்தின உடனே துள்ளுது, கண்ணாடியில முட்டுது”

பிஎச் சரிவு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், சந்தேகம் மூன்று பேர் மேல்.

டவுன் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின். மீன் செவுளை வேகமாக அடிக்கும், உடம்பைத் தேய்க்கும். மழையில் தண்ணீர் கலங்கி வரும் நாட்களில் குளோரின் வாடை தூக்கலாக இருப்பதை மூக்கே சொல்லிவிடும். பெரலில் பிடித்து, காற்றுக்கல் போட்டு, 24 மணி நேரம் விட்டால் போய்விடும். அவசரம் என்றால் கடைகளில் ‘அன்டி குளோரின்’ என்று விற்பதைப் பயன்படுத்தலாம். பெரும்பாலும் அது சோடியம் தயோசல்பேட்தான். தொட்டியில் ஊற்றிய பிறகு அல்ல, வாளியிலேயே போடுங்கள்.

இரண்டாவது, குளிர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாதத்துக் காலையில் அங்கே குழாயைத் திறந்தால் கை விறைக்கும். 26 பாகை செல்சியஸ் தொட்டியில் 15 பாகைத் தண்ணீரை 40 வீதம் ஊற்றினால் மொத்தமும் 21.6 பாகைக்கு இறங்கும். சில நிமிடங்களில் நாலரைப் பாகை. அமேசான் மீனுக்கு அது சாதாரண அடி அல்ல, வெள்ளைப்புள்ளி நோய்க்கு வெற்றிலை வைத்து அழைப்பது. நான் செய்வது இது: மாற்றப்போகும் 100 லீற்றரை முதல் நாள் மாலையே மூடியுள்ள நீலப் பெரலில் நிரப்பி, 200 வாட் ஹீட்டர் ஒன்றைப் போட்டுவிட்டுத் தூங்கப்போவது. 10 பாகை ஏற்ற ஆறேழு மணி நேரம், செலவு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். குளோரினும் அதே இரவில் பெரும்பாலும் போய்விடுகிறது. கேத்தலில் கொதிக்கவைத்துக் கலப்பவர்களும் இருக்கிறார்கள்; கை நடுங்காதவர்களுக்கு அது சரி.

மூன்றாவது சந்தேகநபர் தோட்டத்துக்காரர்களுக்கு மட்டும் உரியது: செம்பு. தென்மேற்குப் பருவமழை காலத்தில், இலை காயாமல் மாதக்கணக்கில் நனைந்தே இருக்கும்போது, தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வரும். 1946இல் இலங்கைக்குள் நுழைந்த பூஞ்சை அது. அதற்கு அடிக்கும் மருந்துகளில் செம்பு கலந்தவை உண்டு. செம்பு மீனுக்கு ஆகாது; அதிலும் நம்முடையது போன்ற மென்மையான தண்ணீரில் மிகச் சிறிய அளவே போதும். கடினத் தண்ணீரில் தாங்கும் அளவு இங்கே தாங்காது. உங்கள் பீலி தேயிலை மலைக்குக் கீழே ஊறுகிறது என்றால், எந்த மலையில் எந்தக் கிழமை மருந்தடிக்கிறார்கள் என்று கங்காணியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருந்தடித்த நாளும் அடுத்து வரும் முதல் பெருமழையும் தண்ணீர் பிடிக்கும் நாட்கள் அல்ல. உரம் போட்ட வாரமும் அப்படித்தான். ஒருமுறை என் பெரல் தண்ணீரிலேயே அமோனியா இருக்கிறது என்று கிட் பச்சை காட்டியது. தொட்டியைக் குற்றம் சொல்ல வழியில்லை. இரண்டு பெரல் தண்ணீர் எப்போதும் கையிருப்பில் இருந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

ஏற்கனவே ஊற்றியாகிவிட்டதா? சுத்தம் என்று தெரிந்த தண்ணீரால் மாற்றுங்கள், ஃபில்டருக்கென்று விற்கும் புதுக் கரி போடுங்கள்.

“மேல வந்து வாயத் தொறந்து மூச்சு வாங்குது”

முதலில் எந்த மீன் என்று பாருங்கள். விரால் வகை மேலே வந்து காற்றுக் குடிப்பது நோய் அல்ல, பிறவிப் பழக்கம். தடுத்தால்தான் செத்துப்போகும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குல இடைவெளி விட்டு, மூடியை இறுக்கி வையுங்கள். துளையிருந்தால் துள்ளி வெளியே போகும், காலையில் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டிவரும்.

ஒஸ்காரும் அரோவானாவும் மேலே தொங்கினால் கவலைப்பட வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் குறைகிறது. கடல்மட்டத்தில் 27 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும். நுவரெலியாவில் அதே சூட்டில் 6.4 தான். மலைநாட்டுத் தண்ணீர் குளிர்ச்சியானது, ஒட்சிசன் நிறைய இருக்கும் என்று சொல்வார்கள். ஓடையில் உண்மைதான், அதனால்தான் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் டிரவுட் என்ற குளிர்நீர் மீன் பிழைத்தது. ஹீட்டர் போட்டு 27க்கு ஏற்றிய பிறகு அந்தச் சலுகை நமக்கு இல்லை. ஆகவே கொழும்பில் ஒரு காற்றுக்கல் போதுமான தொட்டிக்கு இங்கே இரண்டு. தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் குலுங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

காற்றுக் கொடுத்து அரை மணியில் மீன் கீழே இறங்கினால் சிக்கல் ஒட்சிசன்தான். இறங்கவில்லை என்றால் நைட்ரைட் அளந்து பாருங்கள். நைட்ரைட் புகுந்த இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது; செவுள் சிவப்பாக இல்லாமல் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருக்கும். தொட்டி நிறையக் காற்று இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டும். இதற்குச் சாதாரண உப்பே மருந்து. லீற்றருக்கு ஒரு கிராம், கரைத்து, இரண்டு தவணையாக. ஆனையிறவு உப்போ அம்பாந்தோட்டை உப்போ எதுவானாலும் சரி. உப்பில் உள்ள குளோரைட்டு நைட்ரைட்டுக்கு முன்னால் போய்ச் செவுளில் இடம் பிடித்துக்கொள்ளும். கூடவே தண்ணீர் மாற்றம், தீனி நிறுத்தம்.

நைட்ரைட் ஏன் வந்தது என்று யோசித்தால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஃபில்டரைக் கழுவிய ஞாபகம் வரும். பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பளிச்சென்று ஆக்கினால் பக்டீரியா குடும்பத்தோடு கானில் போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை நசுக்கி அழுக்கை விடுங்கள், போதும். இரண்டு பஞ்சு இருந்தால் இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் மற்றது.

“பால் மாதிரி கலங்கிடுச்சு”

புதுத் தொட்டியில் இது பக்டீரியாப் பெருக்கம். கை வைக்காமல், தீனியைக் குறைத்து, காற்றைக் கூட்டி விட்டுவிடுங்கள். கடையில் நாலு வாரத்தில் தொட்டி பழகிவிடும் என்பார்கள். அது 26, 28 பாகைக் கணக்கு. ஹீட்டர் சரியில்லாமல் 18, 20இல் ஓடும் தொட்டிக்கு அதைவிட நீண்ட காலம் எடுக்கும், ஏனென்றால் குளிரில் அந்தப் பக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். பெரிய மீனைப் போடுமுன் பழகிய தொட்டி ஒன்றிலிருந்து அழுக்குப் பஞ்சுத் துண்டு ஒன்றை இரவல் வாங்குவதுதான் நான் அறிந்த குறுக்குவழி.

பழைய தொட்டி திடீரென்று பாலாகினால் எங்கோ ஏதோ அழுகுகிறது. கல்லுக்குப் பின்னால் பாருங்கள். பாதி தின்ற இறால், செத்த இரைமீன், ஒருமுறை எங்கள் வீட்டில் முழுக் கோழி ஈரல். (யார் போட்டது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.)

செம்மண் நிறம், பச்சை நிறம்

மழைக்குப் பிறகு செம்மண் கலங்கல் என்றால் அது வரும் தண்ணீரின் கோளாறு. பெரலில் இரண்டு நாள் தெளியவிட்டு, மேலே உள்ளதை மட்டும் எடுங்கள். பச்சை என்றால் வெயில். தொட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள், விளக்கைக் குறையுங்கள்.

“மேல எண்ணெய் மாதிரி ஒரு ஏடு, நுரை, மாட்டிறைச்சிக் கடை வாடை”

தீனியில்தான் பிரச்சினை. மாட்டு இதயம், கோழிக் கொழுப்பு எல்லாம் மீனின் வயிற்றுக்குப் பழக்கமில்லாதவை. அந்தக் கொழுப்பு சரியாகச் செரிக்காது, மிச்சம் ஏடாக மிதக்கும். ஏட்டை மேலே ஒரு தாள் படரவிட்டு எடுத்துவிடலாம், ஆனால் நாளைக்கும் வரும். நல்ல பெலட்டை முதன்மையாக வைத்து, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தோல் நீக்கிய இறால் அல்லது மீன் துண்டு. பத்து நிமிடத்தில் தின்னாததை வெளியே எடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி.

உயிர் இரை விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. வீட்டுக் கானில் வலை போட்டுக் கப்பி பிடித்துத் தீனியாகப் போடுவது இங்கே பையன்களுக்கு விளையாட்டு. கானில் சவர்க்காரத் தண்ணீரும் தோட்ட மருந்தும் ஓடுகின்றன. கப்பி தாங்கும், அதைத் தின்கிறவனுக்குத்தான் வினை. கடையில் வாங்கும் தங்கமீன் குஞ்சு ஒட்டுண்ணி கொண்டுவரும். அதையே தொடர்ந்து போட்டால் அதில் உள்ள தயமினேஸ் மீனின் உடலில் பி1 விற்றமினை அழித்துவிடும்.

அழுக்கைத் தின்ன ‘டேங்க் கிளீனர்’ மீன் போடலாமா என்று கேட்பார்கள். அதுவும் மீன்தான், அதுவும் கழிக்கும், தாராளமாகவே. இரவில் பெரிய மீனின் உடம்பில் ஒட்டிச் சளியை உறிஞ்சுவதும் உண்டு. வளர்ந்து பெரிதானதும் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். கீழ்நாட்டு ஆறுகளிலும் குளங்களிலும் அது பெருகி மீனவர் வலையைக் கிழிப்பது நமக்குத் தெரிந்ததே.

தலையில் குழி, கண்ணுக்கு மேல் ஊசி குத்தியது போல ஓட்டைகள்

ஒஸ்காரிலும் ஃபிளவர்ஹோர்னிலும் வரும். காரணம் ஒன்றல்ல, ஒட்டுண்ணியும் இருக்கலாம், சத்துக் குறைவும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்த தொட்டிகளில் எல்லாம் நைட்ரேட் கூடுதல் என்று கிட் சிவப்பு காட்டியது. லீற்றருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே, முடிந்தால் 20க்குக் கீழே வையுங்கள். இதற்குத் தண்ணீர் மாற்றத்தைத் தவிர வேறு மருந்தில்லை. நைட்ரேட் 160 இருந்தால் ஒரே நாளில் 20க்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். அவ்வளவு நாள் மாற்றாத தொட்டியில் கேஎச்சும் தீர்ந்திருக்கும், முதல் பகுதியில் சொன்ன கதை திரும்ப நடக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 வீதம். பெலட்டையும் மாற்றிப் பாருங்கள். சின்னக் குழி தானாக ஆறும். பெரியது ஆறினாலும் தழும்பு மிஞ்சும்.

மார்கழி, தையில் அடியில் படுத்துக்கிடப்பது, உடம்பில் ரவை தூவியது போல வெள்ளை

வெப்பமானியைப் பாருங்கள். ஹீட்டர் பெட்டியில் ஒரு லீற்றருக்கு ஒரு வாட் என்று போட்டிருப்பார்கள். அறை 22 பாகையில் இருக்கும் ஊருக்கு அது சரி. அறையே 12, 13க்கு இறங்கும் வீட்டில் லீற்றருக்கு இரண்டு வாட் கணக்கு வையுங்கள். 250 லீற்றருக்கு 500 வாட் ஒன்றைவிட 250 வாட் இரண்டு மேல். ஒன்று பழுதானாலும் இரவு தாண்டும். பெரிய ஒஸ்கார் கோபத்தில் கண்ணாடிக் குழாயை உடைக்கும், ஆகவே காப்புக்கூடு போட்ட ஹீட்டர் வேண்டும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள், தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். பின்பக்கமும் இரு பக்கமும் ஓர் அங்குல ரெஜிபோம் (தெர்மோகோல்) ஒட்டினால் மின்கட்டணத்தில் வித்தியாசம் தெரியும்.

வெள்ளைப்புள்ளிக்கு நாளுக்கு ஒரு பாகையாக 30 வரை ஏற்றி இரண்டு வாரம் வைத்திருங்கள், லீற்றருக்கு 2 கிராம் உப்பு மூன்று தவணையாக. 30 பாகையில் ஒட்சிசன் இன்னும் குறையும், காற்றைக் கூட்டுங்கள். செம்பு கலந்த புள்ளி மருந்து விற்கிறார்கள். போத்தலில் எழுதிய அளவு கடினத் தண்ணீருக்கும் பொருந்தும்படி போடப்பட்டது. நம் தண்ணீரில் அதை நான் தொடமாட்டேன்.

கரண்ட் போனால்

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாத நாட்களில் எங்கள் தொட்டி தப்பியதற்குக் காரணம் பட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பும் இரண்டு கம்பளியும்தான். பம்பு இல்லாவிட்டால் அரை மணிக்கு ஒருமுறை ஒரு குவளையில் மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். தீனி வேண்டவே வேண்டாம். ஸ்பொஞ்ச் ஃபில்டர் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் அதற்குப் பெரிய ஆபத்தில்லை. மூடிய கனிஸ்டர் வகை அப்படியல்ல. ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் உள்ளே ஒட்சிசன் தீர்ந்து, தண்ணீர் அழுகிய முட்டை வாடை அடிக்கத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அது தானாக ஓடி, அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் தள்ளிவிடும். ஆகவே போனவுடனேயே பிளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். வந்த பிறகு கனிஸ்டரைத் திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு மாட்டுங்கள். அடுத்த மூன்று நாளும் இரவில் ஒருமுறை அமோனியா அளந்துவிட்டுத் தூங்குங்கள்.